காரணம் தெரியாத கார்

எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், ஒரேயொரு கார்தான் இருந்தது. எழுபதுகளில் வந்த வெள்ளை ஒஸ்ரின். அது ஒரு மழைநாளில் நடுவழியில் நின்றது, என்னால். ஆனால் காரின் சொந்தக்காரர் தன்னுடைய கைதான் பிழைத்துவிட்டது என்று நினைத்தார். ஏழு மாதம் அவரை அப்படியே நினைக்க விட்டேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதுதான் முதலில் வந்து நிற்கிறது. ஆகவே இதையே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு நான் பட்டது போதும்.

ஒழுங்கை உட்துறைமுகக் கரையில் போய் முடியும். மூன்றாவது வீடு எங்களுடையது, நான்காவது அவருடையது, நடுவில் ஒரு தகரவேலி. அவர் ஆஸ்பத்திரி மருந்துப் பகுதியில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று ஒழுங்கையில் யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர்தான் மற்ற எல்லாவற்றுக்கும் "என்ன காரணம்?" என்று கேட்டுக்கொண்டு திரிவார்.

ஒருமுறை எங்கள் வீட்டு மின்விசிறி இரண்டு நாள் நின்றுபோய்க் கிடந்தது. மூன்றாம் நாள் தானாகவே சுற்றத் தொடங்கிவிட்டது. நான் சந்தோஷத்தில் அதை வேலியால் சொன்னேன். அவர் ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார்.

"ஏன் நிண்டது?"

"தெரியேல்லை அண்ணன். இப்ப வேலை செய்யுதுதானே."

"ஏன் வேலை செய்யுது?"

பதிலுக்குக் காத்திராமல் அவர், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தி, இறக்கி, எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றினார். அம்மா அன்று முழுக்கப் பேப்பரால் விசிறிக்கொண்டு என்னை முறைத்தார். பின்னேரம் ஆகும்போது அண்ணன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குள்ளிருந்து காய்ந்துபோன ஒரு பல்லியை எடுத்துக் காட்டினார். "இதுதான் காரணம்" என்று சொல்லிவிட்டுத்தான் விசிறியை மாட்டினார். அவருடைய முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் வேறு ஒருவரிடமும் பார்த்ததில்லை.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "முப்பது வருஷம் டொக்டர் எழுதின துண்டைப் பாத்து மருந்து குடுத்தனான், தங்கச்சி. இந்த ஆளுக்கு என்ன வருத்தம், ஏன் இந்தக் குளிசை எண்டு ஒருநாளும் கேட்டதில்லை. கேக்கிறது என்ர வேலையும் இல்லை. இப்பதான் கேக்க நேரம் கிடைச்சிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

அந்தக் கார் அவருடையது என்று பெயர்தானே தவிர, ஒழுங்கை முழுவதற்கும் அதுதான் வாகனம். பிள்ளைப்பேற்றுக்கு அதில்தான் போவார்கள், பள்ளிக்கூடச் சோதனைக்கும் அதில்தான் போவார்கள். அன்புவழிபுரத்தில் செத்தவீடென்றாலும் அதில்தான் நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளையைத் தூக்கிப் போகிறவர் மாதிரி ஓட்டுவார்.

அந்தக் காரில் அவர் அதிகம் கழற்றிப் பார்த்தது ஒல்டர்னேற்றரைத்தான். எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று பற்றரிக்கு மின்சாரம் கொடுக்கிற, ஒரு சின்னத் தேங்காயளவு சாமான் அது. துறைமுகத்து உப்புக்காற்று முதலில் அதைத்தான் தின்னும் என்பார். சமைக்கிற குசினி மேசையில் பழைய படுக்கைவிரிப்பைப் போடுவார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் ஆஸ்பத்திரியில் குளிசை போட்டுக் கொடுக்கிற சின்னக் கடதாசிக் கவர்களில் போட்டு, கழற்றிய வரிசைப்படி ஒன்று, இரண்டு என்று இலக்கமிடுவார். கவர்களில் "காலை, பகல், இரவு" என்று அச்சடித்திருக்கும். எந்தப் பக்கத்து ஆணி என்பதை அந்த இடத்தில் எழுதுவார். பிறகு ஒவ்வொரு கவராகத் திறந்து, ஒன்றும் மிச்சமில்லாமல் பூட்டுவார். மிச்சமாக ஒரு வாஷர் இருந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுவார்.

ஒருநாள் பின்கதவால் ஒரு மான் நுழைந்துவிட்டது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் தெருவில் திரியும். கடதாசி என்றால் விடாது. அது ஆறாம் இலக்கக் கவரை மென்றுவிட்டது. உள்ளே இருந்த மூன்று வாஷர்களில் இரண்டு நிலத்தில் கிடந்தன, ஒன்றைக் காணவில்லை. மனிதர் மானின் பின்னால் கடற்கரை வரைக்கும் போனார். "விழுங்கியிருந்தா மானுக்கு ஆபத்து, விழுங்காட்டி காருக்கு ஆபத்து" என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். வாஷர் மறுநாள் குசினித் தண்ணீர் போகிற வாய்க்காலில் கிடைத்தது. அதுவரை அவர் சாப்பிடவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் அதைச் செய்தேன்.

அம்மாவுக்கு நெஞ்சில் அடைப்பு. அனுராதபுரத்தில் இருதய வைத்தியர் பார்ப்பதற்கு ஒரு திகதி கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஏலாது என்றார்கள். வாடகை வானில் ஏறினால் அம்மாவுக்கு வாந்தி வரும். அண்ணனுடைய காரின் முன் ஆசனத்தில் மட்டும் வராது. "நான் கொண்டுபோய் விடுறன் அக்கா" என்று அவரே சொல்லிவிட்டார்.

போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது வேலியால் எட்டிப் பார்த்தேன். ஒல்டர்னேற்றர் குசினி மேசையில் பதினைந்து கவர்களாகக் கிடந்தது.

"அண்ணன், சனிக்கிழமை போகவேணுமே."

"அதுக்குத்தான் கழட்டினனான். பாரம் கூடேக்க லைட் கொஞ்சம் மங்குது. பிரஷ் தேஞ்சிருக்கும்."

அந்த மூன்று நாளும் நான் எத்தனை தடவை வேலிக்குப் போனேன் என்று கணக்கில்லை. தேய்ந்த பிரஷ்களை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். பிரஷ் உரசுகிற செப்பு வளையங்களை மெல்லிய மண்கடதாசியால் கண்ணாடி மாதிரித் தேய்த்தார். பெயாரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, காதோடு வைத்துச் சுழற்றிக் கேட்டு, கிறீஸ் வைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூட்டி முடித்து, எஞ்சினை ஓடவிட்டு, பற்றரியில் வோல்ற் மீற்றரை வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினாலு. "பன்னிரண்டில நிண்டா சார்ஜ் ஏறேல்லை. பதினாலு காட்டினா யோசிக்கத் தேவையில்லை" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அம்மாவின் உடுப்பை அடுக்கினேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். அம்மா முன்னால், நான் பின்னால். காரின் முன்பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. திறப்பைப் போட்டுத் திருப்பினால் எரியும், எஞ்சின் ஓடத் தொடங்கினால் அணைந்துவிடும். அணைந்திருந்தால் பற்றரிக்கு மின்சாரம் போகிறது என்று அர்த்தம். மிக மெல்ல ஓடும்போது மட்டும் இலேசாக மினுங்கும். பழைய கார்களில் அது வழமைதான். அம்மாவின் கண் அதிலேயே இருந்தது.

"தம்பி, அந்தச் சிவப்பு திரும்பவும் வருது."

"அது ஒண்டுமில்லை அக்கா. மெல்லமா போகேக்க அப்பிடித்தான்."

சந்தியில் நின்றால் கேட்பார், மாடு குறுக்கே வந்தால் கேட்பார். பன்குளம் போவதற்குள் பத்துத் தடவை கேட்டிருப்பார். கை நெஞ்சுக்குப் போய்விட்டது. நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசையையும் எடுத்து வைத்துக்கொண்டார். போய்ச் சேருவதற்கு முதல் இந்த விளக்கே அம்மாவைக் கொன்றுவிடும் என்று நான் பயந்தேன்.

பன்குளத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். மழை தொடங்கியிருந்தது. "தங்கச்சி, கண்ணாடியில மூச்சுப்பட்டுப் புகார் பிடிக்குது. உள்பக்கத்தைத் துடைச்சு விடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சுடுதண்ணீர் வாங்க இறங்கினார். நான் அவருடைய ஆசனத்தில் ஏறியிருந்து துடைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன விளக்குகளை அவர் எப்படி மாற்றுவார் என்று நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பலகைக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தால், போத்தல் அடைப்பைப் போல் பிடியோடு கழன்று வரும். இழுத்தேன், வந்தது. வயரைத் தொங்கவிட்டு, பல்ப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் வந்து எஞ்சினை எழுப்பினார். மழை பிடித்துக்கொண்ட அவசரத்தில் திறப்பைத் திருப்பும்போது பார்க்கவில்லை, ஓடத் தொடங்கிய பிறகுதான் பார்த்தார். விளக்கு இருண்டிருந்தது. "பாத்தீங்களா அக்கா, இப்ப மினுங்கவும் இல்லை" என்றார். அம்மா பெரிய மூச்சொன்று விட்டு நித்திரையாகிவிட்டார். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மழை வெளுத்து வாங்கியது. முன்விளக்கும் வைப்பருமாக மெல்ல ஊர்ந்தோம். ஹொரவப்பொத்தானை கழிந்து கொஞ்சத் தூரத்தில் வைப்பர் களைத்துப்போய் ஆடியது. முன்விளக்கு மஞ்சளானது. எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

"இல்லை. இருக்காது" என்று அவர் தனக்குத்தானே சொன்னார். குடையைக் கூட எடுக்காமல் இறங்கி முன்பக்கப் பொனற்றைத் திறந்தார். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உள்ளே வந்து பார்த்தால் பல்ப்பைக் காணோம் என்று தெரிந்துவிடும், ஏச்சு விழும். முன்னால் எட்டி அதைத் திரும்பச் செருகிவிட்டேன். கார் நின்றதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு லொறி நின்றது. லொறிக்காரருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் அரைகுறை. ஆனால் வயரை நீட்டியதும் விளங்கிக்கொண்டார். அவருடைய பற்றரியிலிருந்து எங்களுடையதற்கு மின்சாரம் எடுத்ததும் எஞ்சின் எழும்பியது. சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. அண்ணன் மீற்றரை வைத்துப் பார்த்தார். பதினாலு. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவரைப் பயப்படுத்தியது.

போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். மூன்று மாதம் கழித்து வேறு திகதி தந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரி மரவாங்கில் இருந்தபடியே, சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தம்பி, உங்கட கையை நம்பித்தான் ஏறினனான்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "என்ன காரணம் எண்டு பாக்கிறன் அக்கா" என்றார்.

பார்த்தார். ஒரு தரம் அல்ல, ஐந்து தரம். முதல் தரம் புதிய பிரஷ்களை எடுத்துவிட்டு வேறு பிரஷ் போட்டார். இரண்டாம் தரம் டயோட் ஒவ்வொன்றையும் பல்ப் வைத்துச் சோதித்தார். மூன்றாம் தரம் நான் புட்டுக் கொண்டுபோன நேரம், மேசைக்கு முன்னால் இருந்து எனக்கு விளங்கப்படுத்தினார். யாருக்காவது சொல்லிப் பார்த்தால் காரணம் பிடிபடும் என்று நினைத்திருப்பார்.

"இது தானா எழும்பாது, தங்கச்சி. முதல்ல கொஞ்சம் கரண்ட் உள்ளுக்குப் போகவேணும். அது அந்தச் சிவப்பு பல்ப்புக்குள்ளாலதான் போகுது. அது போனாத்தான் உள்ளுக்குச் சுத்திற இந்த ரோற்றர் காந்தமாகும், காந்தமானாத்தான் சார்ஜ் பண்ணும். நித்திரையில இருக்கிற ஆளைத் தட்டி எழுப்பிற மாதிரி."

தட்டைக் கீழே வைக்காமலே கேட்டேன்: "அப்ப பல்ப் இல்லாட்டி?"

"கார் ஓடும். பற்றரியில இருக்கிறது முடியிற வரைக்கும் ஓடிப்போட்டு நிண்டிடும். அண்டைக்கு நடந்த மாதிரியே. ஆனா பல்ப் இருந்தது. மழைக்குள்ள நிண்டு திறப்பைத் திருப்பினனான், எரிஞ்சது. என்ர கண்ணால பாத்தனான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். புட்டுத் தட்டு என் கையில் இருந்தது, அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், குசினியில் வேறு யாருமில்லை. ஆனால் அம்மா இன்னும் அடுத்த திகதிக்காகக் காத்திருந்தார். இரவில் அவருடைய மூச்சுச் சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்தவள் நான். இடையில் ஏதாவது நடந்துவிட்டால், அது என்னால் என்று ஆகிவிடும். அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "புட்டு ஆறப்போகுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் அம்மாவை வானில் கூட்டிப்போனோம். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தார். வைத்தியர் அடைப்பை எடுத்துவிட்டார். அம்மா நன்றாக இருக்கிறார், இதை எழுதும்போது பக்கத்து அறையில் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே பயத்துக்கு அப்போதே காரணம் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் சொல்லவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அண்ணன் கேட்பாரே என்ற புதிய பயம் வந்துவிட்டது.

அவர் ஆட்களை ஏற்றுவதை நிறுத்திவிட்டார். முதலாம் வீட்டுக்காரர் மகளின் சோதனைக்குக் கார் கேட்டு வந்தபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "காரணம் தெரியாத காரில நான் ஆள் ஏத்திறேல்லை. குறை நினைக்காதேங்கோ" என்று சொல்வது கேட்டது. ஒருநாள் வேலிக்கு மேலால் இரண்டு கையையும் எனக்கு முன்னால் நீட்டினார்.

"தங்கச்சி, நடுங்குதா எண்டு பாருங்கோ."

"இல்லை அண்ணன்."

"வடிவாப் பாருங்கோ."

"இல்லை."

"அப்ப கண்ணாத்தான் இருக்கும்" என்றார். புதுக் கண்ணாடி போட்டார். அதற்குப் பிறகு, கவர்களில் தான் எழுதிய இலக்கங்களை என்னைக் கொண்டு இன்னொரு தரம் வாசிப்பிப்பார். நான் வாசிப்பேன். ஏழு, எட்டு, ஒன்பது. கடைசியாக, பழைய கார்களை உடைக்கிற இடமொன்றில் வேறு ஒரு ரோற்றர் தேடி வாங்கி வந்து, சுழல்கிற அந்தப் பகுதியையே மாற்றினார். அதற்குப் பிறகும் மீற்றர் பதினாலுதான் காட்டியது. முன்பும் பதினாலுதானே காட்டியது என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்.

ஏழாம் மாதம் கார் விலைபோனது. கிண்ணியாவிலிருந்து ஒருவர் மறுநாள் வந்து எடுத்துப்போவதாக இருந்தது. தான் திரியாயில் அக்காவின் வீட்டோடு போய் இருக்கப்போவதாகவும் சொன்னார். இனித் தள்ளிப்போட நாளில்லை. அன்று பின்னேரம் போய், குசினியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பன்குளத்தில் கழற்றியது, கைப்பைக்குள் போட்டது, மழைக்குள் அவர் நின்றபோது திரும்பச் செருகியது எல்லாம். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஏசவில்லை. "எந்த பல்ப் எண்டு காட்டுங்கோ" என்றார்.

காருக்குப் போனோம். நானே கையை விட்டு இழுத்துக் காட்டினேன். அவர் பொனற்றைத் திறந்து மீற்றரை வைத்தார், எஞ்சினை எழுப்பினார். பன்னிரண்டு. அவருடைய முகத்தில் அந்தப் பல்லியைக் கண்ட அன்றைய வெளிச்சம் வரத் தொடங்கியதை நான் பார்த்தேன். எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றினார். பன்னிரண்டு. இன்னும் ஏற்றினார். பதின்மூன்று. பதினாலு.

நிறுத்திவிட்டு இன்னொரு தரம் செய்தார். பதினாலு.

"பல்ப் இல்லாமலும் எழும்புதே, தங்கச்சி."

மோட்டருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு வைண்டிங் கடைக்காரர்தான் எனக்கு இதைப் பின்னால் விளங்கப்படுத்தினார். சில ரோற்றரில் முந்திய காந்தம் கொஞ்சம் மிச்சம் இருக்குமாம், எஞ்சினை ஏற்றினால் பல்ப் இல்லாமலே எழும்பிவிடுமாம். சிலது எழும்பவே எழும்பாதாம். அன்று மழையில் எங்களோடு வந்த ரோற்றர் எழும்பாத வகை. அதைத்தான் அண்ணன் மாற்றிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஏழு மாதத்தில், நான் சொல்வது உண்மை என்று காட்டக்கூடிய சாமானே காரில் இல்லாமல் போய்விட்டது. கடைக்காரர் இதைச் சொன்னபோது அண்ணன் திரியாயில் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது.

அன்று பின்னேரம் அவர் பல்ப்பை என் கையிலிருந்து வாங்கி அதன் இடத்தில் செருகினார். பொனற்றை மெல்ல மூடினார்.

"அம்மா அண்டைக்குச் சொன்னதை நீங்கள் மறக்கேல்லை. அதுதான் இப்பிடி ஒரு கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்."

"இல்லை அண்ணன், உண்மையாத்தான்."

"மீற்றரை இப்பதானே ரெண்டு பேரும் பாத்தனாங்கள்." குரலில் கோபமே இல்லை. "கார் போகுது எண்டு ஒழுங்கையில ஒருத்தரும் வந்து கதைக்கேல்லை. நீங்கள் ஒரு ஆள்தான் வந்து, என்ர பிழையைத் தூக்கி உங்கட தலையில போட்டீங்கள். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அந்த ஏழு மாதத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று நினைத்தேன், அல்லது அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். கதிரையை இழுத்துப்போட்டு, இருந்து, முழுவதையும் குடித்தேன்.